எட்டுப் பாடல்களும் ஒரு படிவமும்

நவம்பர் மாதம் பிறந்தால் வங்கிக் கிளைகளின் முகமே மாறிவிடும். உயிர்வாழ் சான்றிதழ் அளிப்பதற்காக ஓய்வூதியர்கள் காலை முதலே வந்து அமர்ந்திருப்பார்கள். பாலக்காட்டு மாவட்டத்தின் கொல்லங்கோட்டிலும் அப்படித்தான். தெற்கே நெல்லியாம்பதி மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் நெல்வயல்கள், வயல் வரப்புகளில் பனைகள். இவற்றுக்கு நடுவே உள்ள இவ்வூரில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்ளும். நம் கிளையின் வரிசையிலும் இரண்டு மொழிகளும் கலந்தே ஒலிக்கும்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். வயது எழுபத்தெட்டு. கையில் துணிப்பை, பைக்குள் பழைய டிரான்சிஸ்டர் வானொலி ஒன்று. தம் முறை வரும்வரை அதை மெல்லிய ஒலியில் வைத்துக் காதருகே பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இளமையில் பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் பந்து வீசியவர். அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் முதுகு நிமிரும்.

கைரேகையைப் பதித்துச் சான்றிதழ் வேலையை முடித்த பிறகு அவருடைய கணக்கு விவரங்களை ஒருமுறை சரிபார்த்தோம். நியமனதாரர் என்னும் நாமினி இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய மனைவியின் பெயர் இருந்தது. அந்த அம்மையார் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெயரை மாற்ற வேண்டும் என்று கூறிப் படிவத்தை நீட்டினோம். பெரியவர் அதை வாங்கவில்லை.

“அந்தப் பேரு அங்கேயே இருக்கட்டும், சாரே. வேறெங்கேயும் அவ பேரு இல்லை,” என்றார்.

வணிகவியல் படித்து, இருபது ஆண்டுகள் கணக்கேடுகளுடன் பழகிய நமக்கு இதற்கு உடனே சொல்ல விடை இருக்கவில்லை. வரிசையும் நீண்டிருந்தது. “பிறகு பேசுவோம், ஐயா” என்று சொல்லிப் படிவத்தை ஒதுக்கி வைத்தோம்.

தீவில் ஒரு மனிதர்

உணவு இடைவேளையிலும் பெரியவர் வெளியே மரத்தடியில் அமர்ந்திருந்தார். பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. வானொலியில் பழைய பாடல் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அருகில் சென்று அமர்ந்தோம். பேச்சு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வானொலியைப் பற்றியே தொடங்கினோம்.

இங்கிலாந்தின் பிபிசி வானொலியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1942 ஜனவரி 29 அன்று ராய் பிளம்லி என்பவர் தொடங்கியது, இன்றும் தொடர்கிறது. ஆளரவமற்ற தீவில் தனியே சிக்கிக்கொண்டதாக விருந்தினர் கற்பனை செய்துகொள்ள வேண்டும். உடன் கொண்டுசெல்ல எட்டு இசைத்தட்டுகளை அவர் தேர்ந்தெடுக்கலாம். ஒரு நூலும், பயன்பாட்டுக்கு உதவாத ஆனால் மனத்துக்கு இனிய ஒரு பொருளும் கூடுதலாக அனுமதி. ஒவ்வொரு பாடலுக்கும் இடையில் அவர் தம் வாழ்க்கையைச் சொல்வார். அரசியல்வாதிகள், அறிவியலறிஞர்கள், நடிகர்கள் ஆகியோருடன் ஓய்வு பெற்ற கிரிக்கெட் வீரர்களும் அந்தத் தீவுக்குப் போயிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இத்தகைய வழக்கம் புதிதன்று. 1957 அக்டோபர் 3 அன்று தொடங்கிய விவித பாரதியில் பிரபலங்கள் தமக்குப் பிடித்த பாடல்களை வழங்கி, நடுநடுவே பேசும் நிகழ்ச்சிகள் நெடுங்காலமாக உண்டு. தமிழ் நேயர்களுக்கோ தேன்கிண்ணம் என்ற பெயரைச் சொன்னாலே போதும். ஒரு தலைமுறையின் இரவுகள் நினைவுக்கு வந்துவிடும்.

விளையாட்டு வீரரைப் பாடலின் வழியாகப் பேசவைப்பதில் ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. எத்தனை ஓட்டங்கள், எத்தனை விக்கெட்டுகள் என்ற கேள்விகளுக்கான விடைகள் பதிவேட்டில் இருக்கின்றன. எந்தப் பாட்டு உங்களைத் தேற்றியது என்ற கேள்விக்கு விடை அவரிடம் மட்டுமே இருக்கிறது.

இதைக் கேட்ட பெரியவர் வானொலியின் ஒலியைக் குறைத்தார். “கிரிக்கெட்காரனைக் கூப்பிடறதுன்னா சந்திராவைத்தான் கூப்பிடணும்,” என்றார்.

சந்திராவும் முகேஷும்

பெரியவர் குறிப்பிட்ட சந்திரா, பி. எஸ். சந்திரசேகர். 1945 மே 17 அன்று மைசூரில் பிறந்தவர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் அவருடைய வலக்கை மெலிந்து போயிற்று. ஆடுகளத்தில் பந்தை எடுத்து எறிய இடக்கையையே பயன்படுத்துவார். ஆனால் பந்து வீசியது அந்த மெலிந்த வலக்கையால்தான். சுழற்பந்து வீச்சாளர் என்றாலும் அவருடைய பந்து மித வேகப் பந்துபோல் விரைந்து வரும். எந்தப் பந்து எப்படித் திரும்பும் என்பது மட்டையாளருக்கு மட்டுமன்று, சில வேளைகளில் தமக்கே தெரியாது என்று அவரே சொன்னதாகக் கூறுவார்கள்.

1964 முதல் 1979 வரை 58 டெஸ்ட் போட்டிகளில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 242. மட்டையால் அடித்த ஓட்டங்களோ மொத்தம் 167. அதாவது, எடுத்த ஓட்டங்களைவிட வீழ்த்திய விக்கெட்டுகள் அதிகம். 1977-78 ஆஸ்திரேலியப் பயணத்தில் நான்கு முறை ஓட்டம் எதுவும் எடுக்காமல் வெளியேறிய அவருக்கு, நடுவில் துளையிட்ட மட்டை ஒன்றைப் பரிசளித்தார்கள். அதே பயணத்தில்தான் மெல்போர்னில் இரண்டு இன்னிங்ஸிலும் 52 ஓட்டங்கள் கொடுத்து ஆறு ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது. பற்றாக்குறைப் பக்கத்தையும் உபரிப் பக்கத்தையும் ஒரே ஏட்டில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வாழ்க்கைகள் அரிது.

இத்தகைய சந்திரசேகரின் உயிர் ஒரு குரலில் இருந்தது. அது இந்தித் திரைப்படப் பின்னணிப் பாடகர் முகேஷின் குரல். பந்துவீச்சு சரியாக அமையாமல் அவர் சோர்ந்திருக்கும் வேளைகளில், அருகில் நிற்கும் சுனில் கவாஸ்கர் முகேஷின் பாடல் ஒன்றை மெல்ல முணுமுணுப்பாராம். சந்திராவின் முகம் மலர்ந்துவிடுமாம். பல்லாயிரம் பேர் கூடியிருக்கும் அரங்கின் நடுவில், இருவருக்கு மட்டும் கேட்கும் ஒரு வானொலி நிலையம் அவ்வாறு இயங்கியது.

1976 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், இசைப் பயணத்தின் இடையில் முகேஷ் காலமானார். அதன் பின்னும் மூன்று ஆண்டுகள் சந்திரசேகர் டெஸ்ட் போட்டிகளில் ஆடினார். பாடகர் போன பிறகும் பாடல்கள் இருந்தன.

1991-இல் சாலை விபத்தில் சந்திரசேகரின் கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பல மாதங்கள் மருத்துவமனை, அதன்பின் ஊன்றுகோல். வலக்கையின் குறையை வலிமையாக்கிக் காட்டியவருக்கு, ஆட்டம் முடிந்த பிறகு இன்னொரு சோதனை. ஓய்வு என்பது எல்லோருக்கும் ஒரே வகையாக அமைவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மைதானத்தில் வங்கிக்காரர்கள்

1971 ஆகஸ்ட் 24 அன்று லண்டனின் ஓவல் மைதானத்தில் இந்தியா பெற்ற வெற்றியைப் பெரியவர் நேற்று நடந்ததுபோல் விவரித்தார். அன்று விநாயக சதுர்த்தி. உயிர்க்காட்சிசாலையிலிருந்து பெல்லா என்ற யானையைக் கூட மைதானத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். முந்தைய நாள் சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை எடுக்க, இங்கிலாந்து 101 ஓட்டங்களில் சுருண்டது. 173 என்ற இலக்கை இந்தியா நான்கு விக்கெட்டுகள் மீதமிருக்க எட்டியது. இங்கிலாந்து மண்ணில் நம் முதல் டெஸ்ட் வெற்றியும் முதல் தொடர் வெற்றியும் அதுவே. அப்போது பெரியவருக்கு இருபத்துநான்கு வயது. தேநீர்க் கடை வானொலியைச் சுற்றி நின்று கேட்டாராம்.

வங்கி வாடிக்கையாளர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்றை இங்கே சேர்க்க வேண்டும். அந்த அணியின் தலைவர் அஜித் வாடேகர், பாரத ஸ்டேட் வங்கியின் அதிகாரி. அந்தத் தொடரில் ஆடிய குண்டப்பா விஸ்வநாத்தும் அதே வங்கியின் பணியாளர். அக்காலத்தில் கிரிக்கெட் ஆட்டத்திலிருந்து கிடைத்த வருவாய் குடும்பம் நடத்தப் போதாது. வங்கிகளும் பொதுத்துறை, தனியார் நிறுவனங்களும் கொடுத்த மாதச் சம்பளமே பலரை ஆடவைத்தது. வெளிநாட்டில் நாட்டுக்காக ஆடியவர் திரும்பி வந்து தம் மேசையில் அமர்ந்து கோப்புகளைப் பார்ப்பது அன்று இயல்பான காட்சி.

1975 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக விஸ்வநாத் எடுத்த ஆட்டமிழக்காத 97 ஓட்டங்களை இன்றும் பலர் அவருடைய சதங்களுக்கும் மேலாக வைத்துப் போற்றுவார்கள். ஆண்டி ராபர்ட்ஸின் அனல் வேகத்தில் அணி 190 ஓட்டங்களுக்கு முடிந்துபோனபோது மறுமுனையில் கடைசியாக ஆட்டமிழந்தவர் நம் சந்திரசேகர்தான். மூன்று ஓட்டங்கள் குறைந்தன. நட்பில் எதுவும் குறையவில்லை. அந்தப் போட்டியில் இந்தியா 100 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது.

மட்டையும் பாட்டும்

கிரிக்கெட்டுக்கும் இசைக்கும் உள்ள உறவு நம் நாட்டோடு நிற்பதன்று. 1930-இல் இங்கிலாந்துக்கு எதிரான ஒரே தொடரில் 974 ஓட்டங்கள் குவித்த டான் பிராட்மன், அதே ஆண்டில் பியானோ வாசித்து இசைத்தட்டும் வெளியிட்டார். தாமே பாடல் ஒன்றுக்கு மெட்டும் அமைத்தவர் அவர். வானொலியும் அந்த ஆட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. 1938-இல் இங்கிலாந்தில் நடந்த போட்டிகளை, கடல் கடந்து வரும் தந்திச் செய்திகளைக் கொண்டே ஆஸ்திரேலிய வானொலியினர் நேரில் காண்பதுபோல் வருணித்தார்கள். மட்டையில் பந்து படும் ஓசைக்கு, மரத்துண்டில் பென்சிலால் தட்டினார்கள். கேட்பவர் மனத்தில் மைதானம் விரிந்தது. பின்னாளில் அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் ஆகியோரின் தமிழ் நேர்முக வருணனை நம் வீடுகளில் நிகழ்த்தியதும் அதைத்தான்.

இசை, வீரர்களுக்கு நேரடியாகக் கைகொடுத்த நிகழ்ச்சியும் உண்டு. 1983-இல் உலகக் கோப்பையை வென்று திரும்பிய அணிக்கு உரிய பரிசளிக்க வாரியத்திடம் போதிய பணம் இல்லை. கிரிக்கெட்டின் தீவிர ரசிகையான லதா மங்கேஷ்கர் அவ்வாண்டு ஆகஸ்டில் டெல்லியில் கட்டணம் எதுவும் பெறாமல் இசை நிகழ்ச்சி நடத்தினார். அதில் திரண்ட தொகையிலிருந்து வீரர் ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் ரூபாய் கிடைத்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. வாரியம் முன்னாள் வீரர்களுக்கு மாத ஓய்வூதியம் வழங்குகிறது. 2022 ஜூனில் அது உயர்த்தப்பட்டபோது, மாதம் 15,000 ரூபாய் பெற்றுவந்த முதல்தரப் போட்டி வீரர்களுக்கு 30,000 ரூபாயாகவும், 37,500 ரூபாய் பெற்றுவந்த டெஸ்ட் வீரர்களுக்கு 60,000 ரூபாயாகவும் ஆயிற்று. ஆட்டம் சில ஆண்டுகள்தான். அதற்குப் பிந்தைய வாழ்க்கை பல பத்தாண்டுகள். விளையாட்டு வீரர் முப்பத்தைந்து வயதில் சந்திக்கும் இந்தக் கணக்கை மற்றவர்கள் அறுபதில் சந்திக்கிறோம். வேறுபாடு அவ்வளவே.

கொல்லங்கோட்டின் பட்டியல்

“சரி, ஐயா. நீங்கள் தீவுக்குப் போவதானால் எந்த எட்டுப் பாடல்கள்?” என்று கேட்டோம்.

பெரியவர் சிரித்தார். பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அவர் வெகுதூரம் போகவில்லை. இந்த மண்ணைச் சுற்றியே எண்ணினார். முதலில் செம்பை வைத்தியநாத பாகவதர். பாலக்காட்டு மாவட்டத்துச் செம்பைக் கிராமத்தில் பிறந்து, இடையில் குரலை இழந்து, மீண்டும் பெற்று, 1974-இல் மறையும்வரை பாடிய பெருமகன். அடுத்து பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம். பாட்டு யாருடையதாக இருந்தாலும் சரி என்றார். மூன்றும் நான்கும் ஐந்தும் எம். எஸ். விஸ்வநாதனுக்கு. 1928-இல் எலப்புள்ளியில் பிறந்து தமிழ்த் திரையிசையையே ஆண்டவர். “எலப்புள்ளிக்கு இங்கேயிருந்து எவ்வளவு தூரம், சாரே? நம்ம ஆளு” என்றபோது அந்தக் குரலில் சொந்தக்காரப் பெருமை தெரிந்தது. ஆறாவது, சந்திராவுக்காக முகேஷ். இந்தி தெரியாது, ஆனாலும் சந்திராவுக்குப் பிடித்தது தமக்கும் பிடிக்கும் என்றார்.

ஏழாவது பி. லீலா. 1934-இல் அருகிலுள்ள சித்தூரில் பிறந்து, தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் பாடிப் புகழ் பெற்றவர். இந்தப் பெயரைச் சொல்லும்போது பெரியவர் சற்று நிறுத்தினார். அவருடைய மனைவி சமையலறையில் எப்போதும் பாடியது லீலாவின் பாடல்களைத்தானாம். பைக்குள் இருக்கும் வானொலியும் அந்த அம்மையார் வாங்கியதாம். சேமிப்புக் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், நம் கிளையிலிருந்தே எடுத்து வாங்கியது.

“எட்டாவது?” என்றோம்.

“அது ரேடியோவில் வராது. அவ பாடினதுதான். யாரும் பதிவு பண்ணி வைக்கலை.”

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: “ஆனா எனக்கு மறக்கலை. எங்கேயும் எழுதி வைக்காட்டியும் இருக்கு.”

அந்தச் சொல்லை அவர் சொன்னபோதுதான் காலையில் நமக்குக் கிடைக்காத விடை கிடைத்தது. படிவத்தை மீண்டும் எடுத்து வந்தோம்.

படிவம் எதற்காக

நியமனதாரர் இடத்தில் இருக்கும் பெயர் நினைவுச் சின்னம் அன்று. அது ஒரு பொறுப்பு. கணக்கு வைத்திருப்பவரின் காலத்துக்குப் பின் பணத்தை வங்கியிடமிருந்து பெற்று, உரியவர்களிடம் சேர்க்கும் கடமை அவருடையது. நியமனதாரர் என்பதனாலேயே அவர் சட்டப்படியான வாரிசு ஆகிவிடுவதில்லை. ஆனால் அவர் இருந்தால் பணம் விரைவில் குடும்பத்தின் கைக்கு வரும். அவர் முன்னரே காலமாகி, வேறு பெயரும் இல்லாவிட்டால், பிள்ளைகள் துக்கத்தின் நடுவே சான்றிதழ்களுக்கும் உறுதிமொழிப் பத்திரங்களுக்கும் அலைய நேரிடும். இதைப் பெரியவருக்கு விளக்கினோம். அவருக்குக் கோயம்புத்தூரில் ஒரு மகளும் ஊரிலேயே ஒரு மகனும் இருக்கிறார்கள்.

2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள விதிகளின்படி வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒரே நேரத்தில் பலரை நியமித்து ஒவ்வொருவருக்கும் இத்தனை விழுக்காடு என்று பிரிக்கலாம். கூட்டினால் 100 வர வேண்டும். அல்லது முதலாமவர் இல்லையெனில் இரண்டாமவர் என்று வரிசையாகவும் நியமிக்கலாம். பாதுகாப்புப் பெட்டகத்துக்கு வரிசை முறை மட்டுமே உண்டு. ஒரு பிள்ளையின் பெயரை எழுதினால் மற்றொரு பிள்ளை வருந்துமோ என்று தயங்கிய பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டார். மகள் 50, மகன் 50 என்று தம் கையாலேயே எழுதினார். அஞ்சலகத்தில் முப்பது ஆண்டுகள் முகவரி எழுதிய கை அல்லவா! எழுத்து முத்துப்போல் இருந்தது. கையொப்பமிட்டு நீட்டியபோது, “அவ இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பா” என்றார். ஊட்டறைப் பக்கம் போகும் பேருந்து வந்துவிட்டது. வானொலியைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

வாசகர்களுக்கு

அன்புக்குரிய வாடிக்கையாளர்களே, இந்த மாதத்தில் தாங்கள் கிளைக்கு வரும்போது மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டுகிறோம். உயிர்வாழ் சான்றிதழை நவம்பருக்குள் அளித்துவிடுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுள் 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் முதலே அளிக்கலாம். நேரில் வர இயலாதவர்கள் 2014 முதல் நடைமுறையில் உள்ள ஜீவன் பிரமாண் மின்னணு முறையைப் பயன்படுத்தலாம். அத்துடன், தங்கள் கணக்குகள் ஒவ்வொன்றிலும் நியமனதாரர் பெயர் இருக்கிறதா, அந்தப் பெயருக்குரியவர் நலமாக இருக்கிறாரா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. வரிசையில் அடுத்தவரை அழைக்கும் அவசரத்தில், எதிரே நிற்பவரின் தயக்கத்தை நாம் படிவத்தில் உள்ள குறையாக மட்டுமே பார்த்துவிடுகிறோம். வானொலி நிலையத்தார் முன்னாள் வீரரிடம் முதலில் பாடலைக் கேட்டு, பிறகு வாழ்க்கையைக் கேட்கிறார்கள். ஐந்து நிமிடங்கள் கிடைத்தால் நாமும் அவ்வாறு கேட்கலாம்.

இன்று இரவு தங்கள் இல்லத்திலும் இந்த விளையாட்டை ஆடிப் பாருங்கள். வீட்டுப் பெரியவரிடம் எட்டுப் பாடல்களைக் கேளுங்கள். இடையிடையே அவர் சொல்வதையும் கேளுங்கள். இயன்றால் கைபேசியில் பதிவு செய்தும் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய எட்டாவது பாடல் எந்த வானொலியிலும் வராத ஒன்றாகவும் இருக்கக்கூடும்.